ஸ்தோத்திரமும் சொல்லுங்கள், வலியையும் சொல்லுங்கள்

பள்ளிகளுக்கிடையேயான சோனல் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டால் போதும், என் பிசியோதெரபி கிளினிக் வாசலில் எங்கு பார்த்தாலும் ஸ்கூல் யூனிஃபார்ம்தான். பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குள்தான் விழ வேண்டும். அதனால் வருகிற பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவப் பள்ளிகளில் படிக்கிறவர்கள்.

இந்த வாரம் வந்தவள் எட்டாம் வகுப்பு, கோ-கோ ஆடுகிறவள். கணுக்கால் பிசகி மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கே நன்றாக வீங்கியிருக்கிறது. பி.டி. சார் ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு ஆட இறக்கியிருக்கிறார். அவளும் ஓடியிருக்கிறாள். டீம் ஜெயித்தது. எக்ஸ்ரே எடுத்தால், கணுக்காலின் வெளிப்பக்க மொளியில், எலும்பு வளர்கிற இடமான வளர்ச்சித் தட்டை ஒட்டி முறிந்திருக்கிறது.

"வலிக்குதுன்னு ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "நிறைய பிள்ளைங்களுக்கு விளையாட கிரவுண்டே கிடையாதாம். கர்த்தர் நமக்குக் கொடுத்திருக்காரு, முறுமுறுக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லுவாங்க" என்றாள்.

இதைக் கேட்டபிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏனென்றால் இந்தப் பதிலை நான் முதல்முறையாகக் கேட்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள்தான். மேட்சுக்கு முன்னால் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து ஜெபிப்பதையும், தோற்ற பிறகும் அதேபோல் நின்று நன்றி சொல்வதையும் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். உதவிபெறும் பள்ளிகளின் கஷ்டமும் தெரியும். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்துவிடும். கிரவுண்டுக்கும் பந்துக்கும் நெட்டுக்கும் நிர்வாகத்திடமோ பழைய மாணவர்களிடமோதான் கை நீட்ட வேண்டும். தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட வாலிபால் நெட், வெடிப்பு விட்ட சிமெண்ட் கோர்ட், மழை பெய்தால் குளம், வெயிலடித்தால் கட்டாந்தரை. இதற்குள்ளிருந்து மாவட்ட அளவில் ஜெயிக்கிற பிள்ளைகளை உருவாக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனால், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்ற வசனத்தை 13 வயதுப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று யாராவது யோசித்தோமா? இருப்பதற்கு நன்றி சொல்லு என்று நாம் சொல்கிறோம். வலியைச் சொன்னால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேன் என்று அது கேட்டுக்கொள்கிறது. அதற்கு மேல் விசுவாசம் வேறு. ஜெபித்து அனுப்பிய காலில் இன்னும் வலி இருக்கிறது என்று சொன்னால், ஜெபத்தையே சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். சாருடைய ஜெபம் வீணாகப் போயிற்று என்று எந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லும்? நொண்டாமல் நடந்து காட்டும். என் அறைக்குள்ளேயும் முதலில் நொண்டாமல்தான் நடந்து காட்டுவார்கள். அம்மாவை வெளியே அனுப்பிய பிறகுதான் உண்மை வரும்.

சோதனைக்காரன் இயேசுவை தேவாலயத்து உப்பரிகையின் மேல் நிறுத்திச் சொன்னது நினைவிருக்கிறதா? தாழக் குதியும், உமது பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். பைபிளின் சங்கீதப் புத்தக வசனத்தையே எடுத்து நீட்டுகிறான். கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்பதுதான் கிடைத்த பதில். கல் கிடக்கிற கிரவுண்டில் வெறுங்காலோடு பிள்ளைகளை இறக்கிவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை இன்னொருமுறை வாசியுங்கள். அவர் பார்த்துக்கொள்வார், சரி. கல்லை யார் பொறுக்குவது?

வசதி இல்லை என்பதால் இதெல்லாம் இப்படித்தான் என்கிறவர்களுக்கு, பாஸ்கெட்பால் பிறந்த பழைய கதை ஒன்று. 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. வெளியே கடுங்குளிர், உள்ளே ஒரு சின்ன ஜிம், அடங்காத 18 மாணவர்கள். ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். கோலுக்குப் பெட்டி கேட்டார், கிடைத்தது பீச் பழக்கூடைகள். இரண்டை எடுத்து 10 அடி உயரத்தில் ஆணியடித்தார். பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். நம் பள்ளிகள் பரவாயில்லை! ஆனால் முக்கியமான விஷயம் வேறு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதி எழுதினார். ஓடினால் மற்றவன் பாய்ந்து மடக்குவான், அடிபடும். வேகமாக எறிவதில் பயன் இருக்கக்கூடாது என்றுதான் கூடையைத் தலைக்கு மேலே வைத்தார். கையில் இருந்தவை இரண்டு பழக்கூடைகள், ஆனால் ஒருவனுக்கும் அடிபடக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்தார். அதன்பிறகு டாக்டருக்கும் படித்து 1898இல் பட்டம் வாங்கினார் (எங்கள் தொழில்காரர் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்). அதே ஒய்.எம்.சி.ஏ. வழியில்தான் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி இருக்கிற நந்தனத்தில் படித்து வந்த பி.டி. சார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, காலுக்கு வருவோம். வளர்கிற பிள்ளைக்கு தசைநாரைவிட வளர்ச்சித் தட்டுதான் பலவீனம். பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற அதே பிசகல் பிள்ளைக்கு முறிவாக இருக்கலாம், சில சமயம் எக்ஸ்ரேயிலும் பிடிபடாது. அதனால் "சும்மா சுளுக்குதான்" என்று கிரவுண்டில் நின்று தீர்ப்பு எழுதாதீர்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, மொளி எலும்பில் அழுத்தினால் துள்ளுகிறாளா, உடனே எக்ஸ்ரே. நடக்கிறாள் என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள். வலி போகும்வரை ஓட்டம் கிடையாது.

எண்ணெய் போட்டு நீவுகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் நீவாதீர்கள். உள்ளே கசிகிற ரத்தம் கூடும், வீக்கம் கூடும். முழங்கையில் அடிபட்டால் எப்போதுமே நீவக்கூடாது. தசைக்குள் எலும்பு படிந்து, கை மடங்காமலே போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலை உயர்த்தி வையுங்கள், போதும். நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்தாரே என்று ஒரு அண்ணன் என்னிடமே வாதாடினார். அவர் காயத்துக்கு வார்த்தார் அண்ணே, சுளுக்கு எடுக்கவில்லை.

காசே ஆகாத காரியங்கள் இருக்கின்றன. பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி கிரவுண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கவிடுங்கள், கல், கண்ணாடி, ஆணி எல்லாம் பக்கெட்டுக்கு வந்துவிடும். ஆரம்ப ஜெபத்தை அந்த நடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? அப்புறம் வார்ம்-அப். இரண்டு ரவுண்டு ஓடிவிட்டுக் கையை ஆட்டுவது வார்ம்-அப் ஆகாது. ஃபிஃபா 11 பிளஸ் என்ற 20 நிமிடப் பயிற்சிக்கு ஒரு கருவியும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துப் பெண்பிள்ளைகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கோ-கோ, கபடி ஆடுகிறவர்களுக்கும் நான் இதன் பயிற்சிகளைத்தான் சொல்லித்தருகிறேன்.

வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய, டெட்டனஸைத் தடுக்கிற டிடி ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். சும்மா நிறுத்தி வைத்திருக்கிற கோல் போஸ்ட்டைத் தரையோடு பிணையுங்கள். ஒரு பையன் தொங்கினால் கவிழும். தலையில் அடிபட்டு மயங்கியவனை, தடுமாறியவனை, தண்ணீர் தெளித்து எழுப்பி அன்றைக்கே மறுபடி இறக்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தண்ணீர் கேட்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். களைத்துப்போய் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் கொடுத்தான்.

கரஸ்பாண்டன்ட் ஐயாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்போர்ட்ஸ் டேயில் சீஃப் கெஸ்டுக்குப் போடுகிற பொன்னாடையையும் ஷீல்டையும் ஒரு வருஷம் குறைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி ஒன்று, கிரேப் பேண்டேஜ் நாலு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு டப்பா வாங்கிப் போடுங்கள். ஸ்தோத்திரக் காணிக்கை எடுக்கும்போது இதற்காகவென்று அறிவித்தாலே சபையார் கொடுத்துவிடுவார்கள்.

ஆசிரியர்களே, பயிற்சி முடிந்ததும் "யாருக்கெல்லாம் எங்கே வலிக்குது?" என்று தினமும் கேளுங்கள். முதல் வாரம் ஒரு கையும் உயராது. விடாமல் கேளுங்கள்.

கடைசியாக, ஆறு வாரம் ஓடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, "வெள்ளிக்கிழமை ஃபைனல்ஸ், ஒரே ஒரு மேட்ச் மட்டும் விடுங்க மேடம், ஜெபத்தோட இறக்குறோம்" என்று எனக்கு போன் பண்ணுகிறவர்களுக்குப் பதிலை இங்கேயே எழுதி வைக்கிறேன். விட முடியாது சார். அந்தப் பிள்ளையை ஸ்கோர் எழுத உட்கார வையுங்கள்.