இழுத்துப் பிடித்தால் படகு ஓடாது

போன வாரம் இன்னொருவர் வந்தார். இந்தப் பருவத்தில் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். "பாய் நைந்துவிட்டது சார், புதிதாகத் தைக்கக் கொடுக்கலாமா?" அவருடையது ஒற்றைப் பாய்க் கேட்டமரான், அதாவது இரண்டு உடல்களை இணைத்த படகு. பாயை விரித்துப் பார்த்தேன். துணி மொறமொறவென்று இருந்தது. சரி, தண்ணீரில் பார்க்கலாம் என்று கூடவே ஏறிக்கொண்டேன்.

பாயை இழுத்து விடும் கயிறான மெயின்ஷீட்டை முடிந்த மட்டும் இழுத்து, கயிற்றைப் பூட்டும் கிளீட்டில் மாட்டிவிட்டு, அணியத்தை (படகின் முன்முனையை) காற்றுக்குள் குத்திக்கொண்டே போனார். பாயின் பின்விளிம்பில் தைத்திருந்த நாடாக்களில் ஒன்றுகூடப் பின்னோக்கிப் பறக்கவில்லை. எல்லாம் பாயின் மறுபக்கம் போய் ஒளிந்திருந்தன. கயிற்றை நான் ஒரு சாண் விட்டேன். நாடாக்கள் வெளியே வந்து படபடத்தன. படகின் பின்முனையான அமரத்துக்குப் பின்னால் குழம்பிக்கொண்டிருந்த நீர் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. "என்ன செய்தீர்கள்?" என்றார். கொஞ்சம் விட்டேன், அவ்வளவுதான்.

இறுக்கினால் வேகம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பாய் காற்றைத் தடுத்து நிறுத்தும் சுவர் அல்ல. காற்று இரு பக்கமும் ஒட்டி ஓடி, பின்விளிம்பில் நழுவி வெளியேற வேண்டும். மெயின்ஷீட்டை அளவுக்கு மீறி இழுத்தால் பின்விளிம்பு கொக்கி போல வளைந்து வழியை அடைத்துவிடும். கையில் பாரம் தெரிவதால் பாய் வேலை செய்கிறது என்று நினைக்கிறீர்கள். அந்தப் பாரம் படகை முன்னே தள்ளவில்லை, பக்கவாட்டில் சாய்க்கிறது. மென்காற்றில் இது இன்னும் மோசம். அப்போதுதான் எல்லோரும் இன்னும் இறுக்குகிறார்கள்! மேல் நாடா எப்போதாவது ஒளிந்து, பெரும்பாலும் பறந்துகொண்டிருந்தால் போதும். பாய் உங்களோடு பேசுவது அந்த நாடாவில்தான்.

இதன் கூடப் பிறந்த தவறு, காற்றுக்கு மிக நெருங்கி ஓட்டுவது. இந்தப் படகு எடையற்றது. ஒருவர் ஓட்டும் பந்தய வகையான ஏ கிளாஸ் கேட்டமரானின் நீளம் 5.49 மீட்டர், குறைந்தபட்ச எடை 75 கிலோ. பல நேரம் ஓட்டுபவரின் எடையே அதைவிட அதிகம். வேகம் குறைந்தால் உந்தித் தள்ள உள்ளே எதுவும் மிச்சமில்லை, பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்துவிடும். சற்றே விலக்கி ஓடவிடுங்கள். வேகம் வந்தபின் நெருங்கலாம்.

திரும்பும்போது நடுவில் நின்றுவிடுகிறது என்ற புகாரும் தினமும் வரும். முன்பாய் இல்லாத படகில் பாய் முழுவதும் பாய்மரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. கூரைமேல் காற்றின் திசை காட்டும் சேவல் போல மூக்கைக் காற்றுக்குள் திருப்பிக்கொண்டு நிற்பது அதன் இயல்பு. சுக்கானை வெட்டித் திருப்பாதீர்கள், அது பிரேக் போடுவதற்குச் சமம். வேகத்தோடு, சீராக, உங்கள் உடல் எடையைச் சற்றுப் பின்னால் வைத்துத் திருப்புங்கள். அணியம் காற்றைக் கடந்ததும் மெயின்ஷீட்டை இரண்டு அடி விடுங்கள். அப்படியும் நின்றுவிட்டதா? பதற வேண்டாம். பாயின் அடியில் இருக்கும் கட்டையான பூமையும் சுக்கான் பிடியையும் ஒரே பக்கம் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து, அணியம் விலகும். பிறகு இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள்.

கை கடுக்கும் அளவுக்குச் சுக்கான் கனக்கிறதா? பாய்மரச் சாய்வை மாற்றக் கிளம்பும் முன், சுக்கான் அலகு முழுதாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். எதிலாவது இடித்துப் பாதி தூக்கிக்கொண்ட அலகு பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், கை ஒடிந்துவிடும். பத்தில் ஏழு என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

மற்றவை சுருக்கமாக. காற்று பலத்தால், பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறான டவுன்ஹாலை நன்றாக இழுத்துப் பாயைத் தட்டையாக்குங்கள். மென்காற்றில் சுருக்கம் மறையும் அளவு போதும். பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகளான பேட்டன்களை முறுக்கேற்றாதீர்கள். பாய்மரம் தடையின்றித் திரும்ப வேண்டும். மென்காற்றில் முன்னே நகர்ந்து அமருங்கள், அமரம் நீரை இழுக்கக் கூடாது. பலத்த காற்றில் பின்னே போங்கள், இல்லையென்றால் அணியம் மூழ்கிக் குப்புற விழும். காற்றோடு போகும்போது நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடுங்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். பக்கவாட்டில் கிடக்கும் கேட்டமரானை, நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். கவிழ்ந்த படகை நிமிர்த்தும் கயிறு இல்லாமல் கரையை விட்டு இறங்காதீர்கள். வடிகால் மூடிகளை இரண்டு உடலிலும் உங்கள் கையாலேயே திருகிப் பாருங்கள், நண்பர் மூடியிருப்பார் என்பது போதாது. பாய்மரத்தை நிமிர்த்தும் முன்பும், பாய்மரம் நிமிர்த்திய படகைக் கரையில் உருட்டும் முன்பும் தலையை உயர்த்தி மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியப் பாய்மரம் கம்பியைத் தொட்டாக வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும்.