கவர்ன்மென்ட் டீச்சருக்கு என்னா டென்ஷன்?

மறுபடியும் ஓர் ஆசிரியை. குடியாத்தம் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி. தூக்கமில்லை, ஞாயிறு சாயங்காலமானால் படபடப்பு. இதய மருத்துவர் ஈசிஜி, எக்கோ பார்த்து, ஒன்றுமில்லை என்று மனநல மருத்துவரான என்னிடம் அனுப்பியிருந்தார். கூட வந்த கணவர் என்னிடம் கேட்டார்: "கவர்ன்மென்ட் வேலை சார், இவளுக்கு என்னா டென்ஷன்?"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாதம் தவறாமல் சம்பளம் வரும், யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள், உண்மைதான். அதனால் பயம் ஒன்று குறையும். செய்கிற வேலையில் நிறைவு வந்துவிடாது. பாடம் எடுக்கும் நேரத்தை மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும், நலத்திட்டக் கணக்கும், அவசரமாகக் கேட்கும் படிவங்களும் தின்றுவிடுகின்றன. "பிள்ளைங்ககிட்ட உக்காந்து பேசியே நாளாச்சு சார்" என்று அழுகிறவரிடம் சம்பளத்தைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியுமா? லீவு நிறைய உண்டே என்பீர்கள். லீவு முடிகிற அன்றுதான் இவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்த நிரந்தரமும் இப்போது ஆடுகிறது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு சரியா என்று பேசுவது என் வேலையல்ல. ஐம்பதை நெருங்குகிறவர்கள் தூக்கம் கெட்டு வருகிறார்கள், அதைத்தான் பார்க்கிறேன்.

தனியார் மெட்ரிக் பள்ளி ஆசிரியர்களைக் கேட்கவே வேண்டாம். மே மாதச் சம்பளம் நிச்சயமில்லை, ஜூனில் வேலையே நிச்சயமில்லை. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு.

வேலூரில் ஆசிரியர்கள் நேராக எங்களிடம் வருவது அபூர்வம். தலைவலி, நெஞ்செரிச்சல் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, தெரிந்த பெற்றோர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடு கடைசியில் வருகிறார்கள். இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கமும் பசியும் கெட்டால், வகுப்புக்குள் போகவே வெறுத்தால், வந்துவிடுங்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். உங்கள் அனுமதியில்லாமல் பள்ளிக்குத் தகவல் சொல்ல மாட்டோம். 2017 மனநலச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. செத்துவிடலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் புள்ளிவிவரம் கேட்காதீர்கள். உங்களையும் மேலே கேட்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும், காலையில் கேளுங்கள்.