பாப்பரசரா, திருத்தந்தையா?

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரைத் தமிழில் போப், பாப்பரசர், திருத்தந்தை என்று மூன்று விதமாக எழுதுகிறோம். மூன்றும் ஒருவரைத்தான் குறிக்கின்றன. ஆனால் 'பாப்பரசர்' மட்டும் மூலச் சொல்லில் இல்லாத ஒரு பொருளையும் சுமந்து வருகிறது.

மூலம் கிரேக்கத்தின் 'பாப்பாஸ்'. குழந்தை தன் அப்பாவைக் கூப்பிடும் மழலைச் சொல். இலத்தீனில் அது 'பாப்பா' ஆனது. ஆங்கில வழியில் நமக்கு வந்தபோது 'போப்' ஆகிவிட்டது. நம் பாப்பா குழந்தை, அவர்கள் பாப்பா அப்பா; ஒலி ஒத்திருப்பதோடு சரி, இரண்டுக்கும் உறவு கிடையாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் என்பவர் ரோம் நகரின் ஆயர், அதாவது பிஷப். தொடக்கத்தில் இந்தப் பெயர் ரோமுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் ஹெராக்ளாசை இப்படித்தான் அழைத்தார்கள். கி.பி. 250 வாக்கில் ரோம் நகரக் குருக்கள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் அந்த ஊர் ஆயரை 'பாப்பா சிப்ரியானுக்கு' என்று விளிக்கிறார்கள். ரோமே இன்னொரு ஊர் ஆயரை 'பாப்பா' என்கிறது! கிரேக்க ஊர்களில் இன்றும் சாதாரணப் பங்குக் குருவுக்குக்கூட 'பாப்பாஸ்' என்றுதான் பெயர். மேற்கு ஐரோப்பாவில்தான் அது மெல்ல மெல்ல ரோம் ஆயருக்கே உரிய பட்டமாகச் சுருங்கியது.

அப்படியானால் தமிழில் 'அரசர்' எங்கிருந்து வந்தார்? பாப்பு + அரசர் = பாப்பரசர். புணர்ச்சியில் குறை இல்லை, வரலாற்றிலும் காரணம் உண்டு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 1870 வரை இத்தாலியின் நடுப்பகுதியை ரோம் ஆயர்கள் உண்மையிலேயே ஆண்டார்கள். வரி வாங்கினார்கள், படை வைத்திருந்தார்கள். 1929இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் அமைந்த வத்திக்கான் நகருக்கு இன்றும் ரோம் ஆயரே தலைவர். ஆகவே பாப்பரசரைப் பிழை என்று தள்ள மாட்டேன். அந்த ஆட்சிக் காலத்தைப் பற்றி எழுதும்போது பொருத்தமான சொல்லும் அதுதான்.

ஆனால் அரசு என்பது அந்தப் பதவியோடு பின்னால் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே, 590 முதல் 604 வரை பதவியில் இருந்த முதலாம் கிரகோரி, தம்மை 'இறைவனின் ஊழியர்களுக்கு ஊழியன்' என்று எழுதிக்கொண்டார். 1963இல் மூவடுக்கு மகுடம் சூட்டிக்கொண்ட ஆறாம் பவுல், அடுத்த ஆண்டே அதைக் கழற்றிப் புனித பேதுரு பேராலயப் பலிபீடத்தின் மேல் வைத்துவிட்டார். அவருக்குப் பின் வந்த எவரும் முடிசூட்டிக்கொள்ளவில்லை. தலையில் முடியே இல்லாதபோது பெயரில் மட்டும் அரசர் எதற்கு?

'திருத்தந்தை'யில் மூலச் சொல்லின் அப்பா அப்படியே இருக்கிறார். 'திரு' என்ற முன்னொட்டு, திருமறை, திருவடி என்பவற்றில் போல, புனிதத்தைச் சேர்க்கிறது. மழலையின் நெருக்கம் கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனாலும் இதைவிட நல்ல தமிழ்ச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், இன்னொரு வசதியும் உண்டு. எகிப்தின் கோப்து திருச்சபைத் தலைவருக்கும் போப் என்றுதான் பட்டம். 2012 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் இரண்டாம் தவாட்ரோஸ். எந்த நாட்டையும் ஆளாத அவரைப் பாப்பரசர் என்று எழுதினால் பொருந்தாது; திருத்தந்தை என்றால் கச்சிதமாகப் பொருந்தும்.