‘வடிவமைக்கவா?’ என்று கேட்கும் கணினி: ஃபார்மேட் என்ற சொல்லைப் பற்றி

பழைய கணினி ஒன்றில் வெளி வன்தட்டைச் செருகியதும், “இந்த வட்டு வடிவமைக்கப்படவில்லை, இப்போது வடிவமைக்க வேண்டுமா?” என்று திரை கேட்பதாகத் தமிழ்க் கணினிக் குறிப்புகள் பலவற்றில் எழுதியிருக்கிறார்கள். காணொளிகளிலும் இதே வாக்கியம்தான் வாசிக்கப்படுகிறது. பத்து ஆண்டுப் புகைப்படங்கள் அந்த வன்தட்டில் இருக்கலாம். ‘வடிவமைக்க’ என்ற சொல்லில் ஆபத்தின் சாயல் எதுவும் இல்லை. திருமண அழைப்பிதழை வடிவமைக்கிறோம், புத்தக அட்டையை வடிவமைக்கிறோம், இணையப் பக்கத்தை வடிவமைக்கிறோம். ஒன்றை அழகாக, ஒழுங்காக ஆக்கித் தரப் போகிறார்கள் என்றுதான் இந்தச் சொல்லைக் கேட்பவர் எண்ணுவார். ‘ஆம்’ என்று அழுத்தியபின் அவருக்குக் கிடைப்பது காலியான வன்தட்டு. ஃபார்மேட் என்ற சொல்லுக்கு வடிவமைப்பு என்பது பொருந்தாத பெயர்ப்பு என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

சொல்லின் பிறப்பை விரைவாகவே பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘ஃபோர்மாரே’ என்றால் உருக்கொடுத்தல். அதிலிருந்து வந்த ‘ஃபோர்மாட்டுஸ்’ என்பது உருக்கொடுக்கப்பட்டது என்று பொருள்படும். அச்சுத் தொழிலில் புத்தகத்தின் அளவைக் குறிக்க இச்சொல் புழங்கி, பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. முழுத்தாளை ஒருமுறை மடித்தால் ஓர் அளவு, இருமுறை மடித்தால் மற்றோர் அளவு. நம் பழைய நூல்களின் விவரப் பக்கத்தில் கிரவுன் 1/8, டெம்மி 1/8 என்று அச்சிட்டிருப்பார்களே, அதுதான் ஆதியில் ஃபார்மேட். கணினித் துறை 1960களில் இதை வினைச்சொல்லாகவும் ஆக்கிக்கொண்டது. அச்சுக்கூடத்துப் பொருளுக்கு ‘வடிவமைப்பு’ பொருந்தும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நூல் வடிவமைப்பு என்பது நல்ல தமிழ். ஆனால் சொல் துறை மாறியபோது பொருளும் மாறிவிட்டது. பெயர்த்தவர்கள் அதைக் கவனிக்காமல் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார்கள்.

கணினியில் ஃபார்மேட் என்ற ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. படக்கோப்பு எந்த வகை என்று கேட்கும்போது அது கோப்பின் வகையைக் குறிக்கிறது. இதற்குக் ‘கோப்பு வடிவம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. வன்தட்டைப் பிரித்த துண்டான ஒரு பாகம் ‘எந்த ஃபார்மேட்டில் இருக்கிறது’ என்று கேட்கும்போது, ஃபேட்32, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்பவற்றில் எது என்றே கேட்கிறோம். இதற்குச் சரியான சொல் ‘கோப்பு முறைமை’, அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை. மூன்றாவதாக, ‘ஃபார்மேட் செய்’ என்னும்போது அது ஒரு செயல், திரும்பப் பெறக் கடினமான செயல். இம்மூன்றுக்கும் ‘வடிவமைப்பு’ என்றே எழுதினால், “வடிவமைப்புத் தவறாக உள்ளதால் வடிவமைக்க வேண்டும்” என்பது போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. அதை எழுதியவருக்கே பொருள் விளங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் செயலின்போது உள்ளே நடப்பது என்ன என்பதை ஊர் நிலக்கணக்கை வைத்து விளக்கலாம். எந்தப் புல எண் யாருடையது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது. நிலம் வேறு, பதிவேடு வேறு. வன்தட்டிலும் அப்படித்தான். கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே தொடர்கிறது என்ற கணக்கு வேறோரிடத்தில் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டில் 1977இல் உருவான ஃபேட் என்ற பெயரே கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை என்பதன் சுருக்கம்தான். விரைவு ஃபார்மேட் என்பது பழைய பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எதுவும் எழுதாத புதுப் பதிவேட்டை வைப்பது. நிலத்தில் பயிர் அப்படியே நிற்கும், ஆனால் யாருடையது என்று சொல்ல எவரும் இல்லை. தவறுதலாக ஃபார்மேட் செய்த வன்தட்டிலிருந்து மீட்பு மென்பொருள்கள் கோப்புகளை ஓரளவு எடுத்துத் தர முடிவதற்கு இதுவே காரணம். முழு ஃபார்மேட் விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை பழுதான இடங்களைத் தேடிப் படித்துப் பார்த்ததோடு சரி. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது பாகம் முழுவதிலும் சுழியங்களை எழுதிவிடுகிறது, அதாவது நிலத்தையே உழுது போட்டுவிடுகிறது. அதன்பின் மீட்பதற்கு ஏதுமில்லை. இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு செயல்களையும் ‘விரைவு வடிவமைப்பு’, ‘முழு வடிவமைப்பு’ என்று பெயரிட்டால், முழுமையானதே தரமானது என்று வாசகர் நினைத்து அதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

மேற்சொன்ன கேள்வியைக் கணினி கேட்பதற்கான காரணமும் பல வேளைகளில் வன்தட்டின் பழுது அல்ல. எக்ஸ்பி ஓடும் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் ஈஎக்ஸ்டி4 முறைமை உள்ள வன்தட்டைச் செருகினால், அதைப் படிக்கத் தெரியாத எக்ஸ்பி “ஃபார்மேட் செய்யப்படவில்லை” என்கிறது. 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறைமையை எக்ஸ்பி படிப்பதற்குப் பின்னாளில் வெளியான தனி இற்றைப்படுத்தலை நிறுவியிருக்க வேண்டும். நிறுவாத கணினியில் அதே கேள்விதான் வரும். எக்ஸ்பியின் 32 பிட் பதிப்புக்கு எந்தப் பாகம் எங்கே என்று குறிக்கும் ஜிபிடி என்ற புதிய பாக அட்டவணை அறவே புரியாது. வட்டு மேலாண்மைத் திரையில் முழு வன்தட்டும் ‘ஜிபிடி காப்புப் பாகம்’ என்ற ஒரே கட்டமாகத் தெரியும். விண்டோஸ் 98க்கு என்டிஎஃப்எஸ் தெரியாது. ஆகவே நேர்மையான செய்தி “எனக்கு இது படிக்கத் தெரியவில்லை” என்பதே. ஆங்கிலச் செய்தி தன் அறியாமையை வன்தட்டின் குறையாகச் சொல்கிறது. அதை நம்மவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அந்தப் பொய்யையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் செய்தியின் உட்பொருளை அறிந்திருந்தால், “இந்தப் பாகத்தின் கோப்பு முறைமையை இக்கணினி அறியவில்லை; அழித்துப் புதிதாக அமைக்கவா?” என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் ‘ஆம்’ என்பதை அழுத்துவதற்கு முன் கை தயங்கும். அந்தத் தயக்கம் இருந்தால் வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினி ஒன்றில் செருகிப் பார்க்கலாம், அல்லது குறுவட்டிலிருந்து லினக்ஸை ஏற்றி எந்த முறைமை என்று அறியலாம். கோப்பு முறைமையே சிதைந்து, எந்த முறைமை என்று அடையாளம் தெரியாததைக் குறிக்கும் ‘ரா’ என்று காட்டினாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. என்டிஎஃப்எஸ் தன் அமைப்பு விவரங்கள் உள்ள தொடக்கப் பிரிவின் படியொன்றைப் பாகத்தின் கடைசியில் வைத்திருக்கும். ஃபேட்32 வழக்கமாக ஆறாம் எண் பிரிவில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகள் அந்தப் படியைக் கொண்டு மூலத்தைச் சரிசெய்ய முயல்கின்றன. இவை எல்லாம் ‘ஆம்’ அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை.

‘வடிவமைப்பு’க்கு மாற்றாகச் சிலர் ‘வடிவூட்டம்’ என்று எழுதுகிறார்கள். ஆவணத்தில் எழுத்தைத் தடிமனாக்குவதற்கும் பத்தியை ஒழுங்குபடுத்துவதற்கும் அது பொருந்தலாம். வன்தட்டுக்கு ஊட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஊட்டுவது என்றால் இல்லாததைச் சேர்ப்பது. இங்கே இருப்பது போகிறது. இன்னும் சிலர் கோப்பு முறைமை என்பதை அடியாக வைத்து வினையாக்க முயன்று ‘முறையிடுதல்’ பக்கம் போய்விடுகிறார்கள். முறையிடுதல் என்பது கோப்புகளைப் பறிகொடுத்தவர் பிற்பாடு செய்ய வேண்டிய காரியம்.

என் பரிந்துரை ‘அழித்தமைத்தல்’. அழித்து அமைத்தல் என்பதன் தொகை அது. முதலில் போவதும் பின்னர் வருவதும் அந்த வரிசையிலேயே சொல்லில் இருக்கின்றன. புத்தம்புது வன்தட்டில் அழிப்பதற்கு ஒன்றுமில்லையே என்று ஒரு நண்பர் மறுத்தார். உண்மைதான். ஆனால் புது வன்தட்டில் அச்சொல்லைக் காண்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. பழைய வன்தட்டில் அதைக் காணாதவருக்கே இழப்பு. விரைவு ஃபார்மேட்டில் உள்ளடக்கம் உண்மையில் அழிவதில்லை என்ற நுட்பமான மறுப்பும் உண்டு. பயனருக்குத் தன் கோப்புகள் தெரியாமற் போவதுதான் அழிவு. காந்தத் தகட்டில் எச்சம் இருக்கிறதா என்பது மீட்பு வல்லுநரின் கவலை. இந்தச் சொல்லை ஏற்க மனமில்லாதவர்கள் ‘ஃபார்மேட்’ என்றே எழுதட்டும், அதில் எனக்குக் குறையில்லை. கணினி பழுதுபார்க்கும் கடைகளில் “ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்” என்று சொன்னவுடனே “உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடுமா?” என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதையே கடைக்காரர்கள் ஃபார்மேட் என்று சொல்லுகிறார்கள், அது பொருட்குழப்பம்தான். எனினும் அந்தக் கடன்சொல்லோடு எச்சரிக்கையும் சேர்ந்தே ஊருக்குள் வந்திருக்கிறது. தூய தமிழ் என்ற பெயரில் அந்த எச்சரிக்கையைக் களைந்துவிட்டு இனிய சொல்லொன்றை வைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு என்று நான் ஒப்ப மாட்டேன்.

இதே கவனக்குறைவு பக்கத்துச் சொற்களிலும் உண்டு. வன்தட்டைத் துண்டுகளாகப் பிரிப்பதற்குப் ‘பகிர்வு’ என்று எழுதுகிறார்கள். பகுத்தல், பகிர்தல், பங்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் வேர் வழியில் குற்றமில்லை. ஆனால் இன்று பகிர்வு என்றால் பிறருக்கு அனுப்புவது. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாளில் பலமுறை அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள். “உங்கள் வட்டின் பகிர்வை நீக்கு” என்று படித்தால், வலையில் பிறர் பார்ப்பதை நிறுத்தப் போகிறோம் என்று நினைத்து நீக்கிவிடுவார்கள், பாகமே போய்விடும். சொத்து வழக்கில் பல தலைமுறைகளாகத் தமிழர் பழகிய பாகப்பிரிவினை என்ற சொல் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. துண்டுக்குப் பாகம், செயலுக்குப் பாகம் பிரித்தல், அட்டவணைக்குப் பாக அட்டவணை. பாகம் வடசொல் ஆயிற்றே என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எந்தத் தமிழருக்கும் விளங்கும் சொல் வன்தட்டில் மட்டும் தீட்டாகிவிடாது. ‘டிரைவ்’ என்பதை ‘இயக்ககம்’ என்று பெயர்த்தவர்களை நினைத்தால் மேலும் வியப்பு வருகிறது. பள்ளிக் கல்வி இயக்ககமும் டி இயக்ககமும் ஒரே செய்தித்தாளில் வந்தால் வாசகர் என்ன செய்வார்?

கோப்பு முறைமை என்ற சொல் சரியாகப் புழங்கினால் பழைய கணினிகளின் வேறு சில புதிர்களும் தாமே விளங்கிவிடும். நிரம்ப இடமிருந்தும் பெரிய காணொளிக் கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது இடம் போதவில்லை என்று எக்ஸ்பி சொல்வதுண்டு. வன்தட்டு நிறைந்துவிடவில்லை, ஃபேட்32 முறைமையில் தனிக்கோப்பு ஒன்று 4 ஜிபி அளவை எட்ட முடியாது, அவ்வளவே. அதே எக்ஸ்பியில் 40 ஜிபி பாகத்தை ஃபேட்32 ஆக அமைக்கப் பார்த்தால் அந்தத் தெரிவே இராது. ஃபேட்32க்கு 40 ஜிபியைத் தாங்கும் திறமை உண்டு. 32 ஜிபிக்கு மேல் அமைத்துத் தருவதில்லை என்ற கட்டுப்பாடு எக்ஸ்பியின் கருவியில் இருப்பது. வேறிடத்தில் அமைத்துக் கொண்டுவந்தால் எக்ஸ்பி தயங்காமல் படிக்கும். “வடிவமைப்பு ஆதரிக்கப்படவில்லை” என்ற ஒரே வாக்கியத்தால் இவ்விரண்டையும் விளக்கும் குறிப்பை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டுப்பாடு முறைமையினுடையது, எது கருவியினுடையது என்று அதைப் படித்தவர் அறிய வழியே இல்லை.

கடைசியாக, ‘மாற்றுதல்’ என்ற சொல்லையும் அழித்தமைத்தலோடு கலக்கக் கூடாது. ஃபேட்32 பாகத்தைக் கோப்புகள் போகாமல் என்டிஎஃப்எஸ் ஆக்க எக்ஸ்பியில் ‘கன்வெர்ட்’ என்ற கட்டளை உண்டு. அதற்கு ‘முறைமை மாற்றம்’ என்று எழுதுவது பொருந்தும். ஆனால் அது ஒருவழிப் பாதை: என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஃபேட்32க்குத் திரும்ப விண்டோஸில் கட்டளை இல்லை, கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு அழித்தமைக்கத்தான் வேண்டும். விண்டோஸ் 98ஐயும் எக்ஸ்பியையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள், மாற்றம் செய்தபின் 98இல் அந்தப் பாகம் கண்ணுக்கே தெரியாமற் போகும் என்பதை முன்னதாக அறிந்திருப்பது நல்லது.