சைக்கிளில் அடிபட்டால் "விழுந்திட்டன்" என்று சொல்லாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளுக்குச் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் மாமா ஒருவரை, பின்னால் வந்த வான் தட்டியது. இடது கை முறிவு. வைத்தியசாலையில் எப்படி நடந்தது என்று கேட்டபோது, பொலிஸ் கரைச்சல் வேண்டாமென்று "சைக்கிளால விழுந்திட்டன்" என்றார். வைத்தியசாலையில் நோயாளியின் விவரம் எழுதும் டிக்கெட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வான்காரர் கையில் திணித்த ஐயாயிரம் ரூபாயோடு கதை முடிந்தது.

வீதியில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த வாகனத்தால் மற்றவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் நட்டஈடு கொடுக்கத்தான் அது. சைக்கிள்காரரும் அந்த மற்றவர்தான். உங்களிடம் லைசன்ஸோ காப்புறுதியோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிழை சாரதியுடையது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்கு முதல் நாள் எழுதிய காகிதங்கள்தான் சாட்சி.

ஆகவே வாகனத்தை ஓரமாக எடுக்க விடுவதற்கு முன்பே இலக்கத்தகட்டையும் சாரதியின் காப்புறுதி அட்டையையும் படம் எடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. வைத்தியசாலையில் "வாகனம் இடித்தது" என்று சொல்லுங்கள், இலக்கத்தையும் சொல்லுங்கள். வெளியே வரும்போது என்ன காயம், என்ன வைத்தியம் என்று எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கரைச்சல் பொலிஸ் நிலையத்தில்தான். "சின்னக் காயம்தானே, சமாதானமாப் போங்க" என்பார்கள். சிங்களத்தில் நாலு வரி எழுதிய புத்தகத்தை முன்னால் தள்ளுவார்கள். "சமாதானமாகிவிட்டோம், வழக்கு வேண்டாம்" என்றுதான் அதில் இருக்கும், நீங்களோ முறைப்பாடு என்று நினைத்துக் கையெழுத்து வைப்பீர்கள். வைக்காதீர்கள். கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. "தமிழ் தெரிஞ்சவர் இன்னிக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்றால், சரி என்று திரும்பி வராதீர்கள். வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்துப் போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். காயத்தைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவதற்கான படிவத்தையும் அங்கேயே கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

உங்கள் பக்கப் பிழையையும் எதிர்த்தரப்புத் தேடும். இரவில் லைட் இல்லை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லை, டுப்ளிகேஷன் வீதியில் ஒருவழிக்கு எதிராக வந்தார் என்று காட்டினால் நட்டஈடு குறையலாம். எதிர்ப்பக்கமாக மிதிப்பது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம், அதையும் சொல்லியாக வேண்டும்.

காப்புறுதிக் கொம்பனி "ஃபைல் மேல போயிருக்கு" என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொம்பனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்த 2 வருடம் நீளாது. லோயருக்குக் காசில்லாவிட்டால் புதுக்கடை நீதிமன்றப் பக்கத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைவு என்று காட்ட வேண்டியிருக்கும், ஆகவே கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டுபோங்கள். எல்லாவற்றிலும் இரண்டு ஃபோட்டோகொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், கட்டுப்போட்ட கையோடு ஃபோட்டோகொப்பிக் கடை தேடி அலைய வேண்டும்.