பரதத்தைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய்: இளங்கலைஞர் உதவித்தொகை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பரதம் கற்கும் பிள்ளைகளில் பலர் அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேற்பயிற்சிக்கு மதுரைக்கோ, பல்லவன் ரயில் ஏறிச் சென்னைக்கோ போய்வர வேண்டும். அந்தக் கட்டத்துக்கென்றே மத்திய கலாச்சார அமைச்சகம் தரும் உதவித்தொகை இது. புது டெல்லியிலுள்ள சி.சி.ஆர்.டி. என்னும் பண்பாட்டு வள, பயிற்சி மையம் வழியாக நடக்கிறது.

மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 1,20,000 ரூபாய். ஒரு தொகுதிக்கு நாடு முழுவதும் 400 பேர் வரை. குருதட்சணை, பயணம், புத்தகம், தங்கும் செலவு எல்லாம் இதற்குள்தான். மாதச் சம்பளம் போல வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 30,000 ரூபாயாக நான்கு தவணைகளில் வரும். ஆகவே பயிற்சியைத் தொடங்கும்போது சில மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்வது அவசியம்.

வயது 18 முதல் 25. விண்ணப்பிக்கும் ஆண்டின் ஏப்ரல் 1 தான் கணக்கு, தளர்வு இல்லை. ஏப்ரல் 2 அன்று 18 முடிப்பவர் அந்த ஒரு நாளுக்காக அடுத்த அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது ஐந்தாண்டுச் சான்றில். இது ஆரம்ப மாணவர்களுக்கான தொகை அல்ல. குறைந்தது ஐந்தாண்டு கற்றிருக்க வேண்டும். அதை இப்போதைய குருவும், முன்பு வேறொருவரிடம் கற்றிருந்தால் அவரும் கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும். நம் ஊரில் டீச்சர் கல்யாணமாகி வெளியூர் போய்விடுவதும், வகுப்பு மூடப்படுவதும் சாதாரணம். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு அவரைத் தேடினால் கடைசி நாள் கடந்துவிடும். குருவை மாற்றும் அன்றே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை வகுப்பு, எதுவரை பாடம் முடிந்தது என்று எழுதி வாங்கி வையுங்கள். அரங்கேற்ற அழைப்பிதழும் புகைப்படமும் துணைக்கு உதவலாமே தவிர, சான்றுக்கு ஈடாகாது. இரண்டு சான்றுகளிலும் தேதிகள் ஒன்றோடொன்று மோதினாலும் சிக்கல்.

அடுத்தது நிபுணர் குழுவின் முன் தேர்வு. கச்சேரியின் நீண்ட முக்கிய உருப்படியான வர்ணத்தை மனப்பாடமாக ஆடிவிட்டால் போதும் என்று போகிறவர்கள், நடுவில் நிறுத்தி "இந்தத் தீர்மானத்தை (ஜதிக்கோர்வையின் முடிப்பை)த் தாளம் போட்டுச் சொல்லுங்கள்" என்றால் திணறுவார்கள். சி.டி. பாட்டுக்கு ஆடியே பழகியதன் விளைவு அது. ஆடும் ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், பாடலின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். அடவுகளை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகளை, மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி நிலை குலையாமல் செய்ய வேண்டும். மூன்றாம் காலத்தில் இடுப்பு மேலே ஏறுவதுதான் முதலில் கண்ணில் படும் குறை. முழு வர்ணத்துக்கும் நேரம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எந்தப் பகுதியிலிருந்தும் எடுத்து ஆடப் பழகுங்கள்.

தேர்வானபின், கோட்பாட்டுப் பாடம் போக நாளுக்கு மூன்று மணி நேரமாவது சாதகம் (ஆட்டப் பயிற்சி) செய்ய வேண்டும் என்பது விதி. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு வளவிலும் (உள்முற்றப் பகுதி) பட்டாலையிலும் (கூடம்) பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லும் கருங்கல்லும் பார்க்க அழகு, தட்டி ஆடக் கெட்டவை. தினமும் மூன்று மணி நேரம் அதில் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் முன்கால் எலும்பும் வலியெடுத்து, பயிற்சியே நின்றுபோகும். மரத்தளம் கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் வழுக்காத கெட்டி ரப்பர் விரிப்பாவது போடுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லையென்றால் அதே சி.சி.ஆர்.டி.யில் 10 முதல் 14 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை உண்டு: ஆண்டுக்கு 3,600 ரூபாய், அதோடு பயிற்சிக் கட்டணமாக 9,000 ரூபாய் வரை. பரம்பரையாகக் கலைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் தனி இடங்கள் இருக்கின்றன. இசைவேளாளர் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

வகுப்புக்கே பணமில்லை என்பவர்களுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பது இதில் நமக்கு வசதி. காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கையும், திருமயம், பொன்னமராவதிக்காரர்களுக்குப் புதுக்கோட்டையும் பக்கம். பரதத்துக்கு மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. 12 முதல் 25 வயது, ஏழாம் வகுப்புத் தேர்ச்சி. கட்டணம் சில நூறு ரூபாய்தான், மாணவருக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். இந்த மூன்றாண்டும் குருச்சான்றின் ஐந்தாண்டுக் கணக்கில் பங்கு தரும் என்பதால், படிப்பு முடிந்ததும் சான்றிதழைப் பத்திரப்படுத்தி, அடுத்த குருவிடம் சேரும் தேதியையும் குறித்து வையுங்கள்.