அழித்த கோப்பு எப்போது அழிகிறது?

ஒரே கோப்பின் படிகள் பல கணினிகளில் பரவியிருக்கும் சேமிப்பு அமைப்புகளில், ஒரு கோப்பை அழிப்பது அதை எழுதுவதைவிடச் சிக்கலானது. அழிக்கச் சொல்லும் கட்டளை போய்ச் சேரும் வேளையில் ஏதேனும் ஒரு கணினி பழுதாகிக் கிடக்கலாம், அல்லது கட்டளையே வழியில் தொலைந்துபோகலாம்.

2003இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விவரிக்கப்பட்ட கூகுள் கோப்பு அமைப்பு, இதற்கு அவசரமில்லாத ஒரு வழியைக் கையாண்டது. அதில் கோப்புகள் 64 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் வழக்கமாக மூன்று சேவையகங்களில் வைக்கப்பட்டது. எந்தத் துண்டு எந்தக் கோப்புக்குரியது என்ற பதிவேடு தலைமைச் சேவையகத்திடம் இருந்தது. பயனர் ஒரு கோப்பை அழித்தால், தலைமைச் சேவையகம் அழித்த நேரத்தையும் சேர்த்து அதற்கு ஒரு மறைவுப் பெயர் சூட்டியதே தவிர, துண்டுகளைத் தொடவில்லை. மூன்று நாள் கழிந்த பிறகு, பின்னணியில் நடக்கும் சோதனையின்போதுதான் அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். அதற்குள் பழைய பெயரை மீண்டும் இட்டால் கோப்பு திரும்பக் கிடைத்துவிடும். பிற சேவையகங்கள் தலைமைக்கு அவ்வப்போது அனுப்பும் செய்திகளில் தம்மிடமுள்ள துண்டுகளில் சிலவற்றைக் குறிப்பிடும். அவற்றுள் பதிவேட்டில் இல்லாதவை எவை என்று பதில் வந்தவுடன், அவற்றை அழிக்கும் உரிமை அந்தச் சேவையகத்துக்குக் கிடைத்துவிடும். பல நாள் பழுதாகிக் கிடந்து மீண்டுவந்த சேவையகமும் இப்படிக் கேட்டே தெரிந்துகொள்ளும் என்பதால், கட்டளை தொலைந்துபோவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த எளிமையே இதன் பெரும் பலம் என்பது என் எண்ணம்.

தலைமை என ஒன்றே இல்லாத கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்களில் இப்படிக் கேட்க ஆளில்லை. ஒரு தரவின் படிகள் அ, ஆ, இ என்ற மூன்று கணுக்களில், அதாவது அமைப்பிலுள்ள மூன்று கணினிகளில், இருப்பதாகவும், இ செயலிழந்திருக்கும்போது மற்ற இரண்டும் அதைத் துடைத்துவிட்டதாகவும் கொள்வோம். இ மீண்டு வந்ததும் மூன்றையும் ஒப்பிட்டால், ஒன்றில் தரவு இருக்கிறது, இரண்டில் இல்லை. அது அழிக்கப்பட்டதா, அந்த இரண்டுக்கும் வந்தே சேரவில்லையா என்று அறிய வழியில்லாததால், விடுபட்டது என்றே முடிவுசெய்யப்பட்டு, அழித்த தரவு மூன்றிலும் மறுபடி முளைத்துவிடும்.

ஆகவே கசாண்ட்ரா எதையும் உடனே துடைப்பதில்லை. நேர முத்திரையுடன் கூடிய டூம்ஸ்டோன் என்ற நீக்கக் குறி ஒன்றைப் புதிதாக எழுதுகிறது. படிக்கும்போது பிந்தைய முத்திரை எதுவோ அதுவே செல்லும் என்பதால், இ வைத்திருக்கும் பழைய படி தோற்றுப்போகிறது. இந்தக் குறி இயல்பாக 8,64,000 வினாடிகள், அதாவது 10 நாள், காக்கப்பட்டு, அதன்பின் வட்டிலுள்ள கோப்புகள் ஒன்றிணைக்கப்படும்போது பழைய தரவுடன் சேர்ந்து மறையும். அதற்குள் எல்லாக் கணுக்களையும் ஒப்பிட்டுச் சீர்செய்யும் பணியை நிர்வாகிகள் நடத்தி முடித்தாக வேண்டும்; 10 நாளுக்கு மேல் வெளியே இருந்த கணுவை அப்படியே உள்ளே சேர்த்தால், மேலே சொன்ன விபரீதம் நேரும்.

குறிகள் பெருகினால் வாசிப்பின் வேகமும் குறைகிறது. ஒரே வினவலில் 1,00,000க்கும் மேற்பட்ட குறிகளைக் கடக்க நேர்ந்தால், கசாண்ட்ரா தன் இயல்பான அமைப்பில் அந்த வினவலையே கைவிட்டுவிடும். வேலைகளை வரிசையில் சேர்த்து, முடிந்ததும் ஒவ்வொன்றாக அழிக்கும் பயன்பாடுகளுக்கு இந்தத் தரவுத்தளம் பொருந்தாது என்று சொல்லப்படுவது இதனால்தான்.